மேகமலை வௌவாலும் பம்பாய் சலீம் அலியும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மேற்கே திரும்பினால் மலை தெரியும். வழி நெடுகிலும் அந்த மலை கூடவே வரும். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறு அதிலிருந்து இறங்கி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அங்கிருந்து மலைத்தொடர் வடக்கே வருசநாடு வழியாக மேகமலை வரை நீண்டு கிடக்கிறது.

மேகமலையில் ஒரு வகை வௌவால் உண்டு. பகலில் குகைக்குள் தொங்கும். இருட்டியதும் பழம் தேடிப் பறக்கும். உலகத்திலுள்ள மிக அபூர்வமான வௌவால்களில் அதுவும் ஒன்று. தென்னிந்திய மலைகளைத் தவிர வேறு எங்கும் அது கிடையாது. அந்த வௌவாலுக்கு விஞ்ஞானிகள் ஒரு மனிதரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் சலீம் அலி.

சலீம் அலி பம்பாய்க்காரர். அவர் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தது பறவைகளை. வௌவாலோ பறவை இனம் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. மேகமலை வௌவாலை அவர் பிடிக்கவும் இல்லை, அது புது இனம் என்று கண்டுபிடிக்கவும் இல்லை. பிறகு எப்படி அவர் பெயர் அதற்கு வந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டும். அதில் பாதி பறவைக் கதை. மீதிப் பாதி பணக் கதை.

மஞ்சள் கழுத்துக் குருவி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தை போய்விட்டார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். இன்னொரு மாமன் அப்பாஸ் தயாப்ஜி. உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும் அவர் இடத்தில் நின்று போராட்டத்தை நடத்தப் புறப்பட்டவர் அவர்தான்.

மாமன் அமிருதீனுக்கு வேட்டையில் பிரியம். சிறுவன் சலீமுக்கு அவர் ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையன் வீட்டைச் சுற்றிக் குருவி சுட்டுக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் விழுந்த குருவியை எடுத்துப் பார்த்தால் அதன் கழுத்தில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. ஊர்க்குருவிக்கு அப்படிக் கிடையாது. இது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டான். மாமனுக்கும் தெரியவில்லை.

அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அங்கத்தினர். 1883-ல் தொடங்கிய சங்கம் அது. காட்டு விலங்கு, பறவை, செடிகொடி ஆகியவற்றைப் பற்றி ஆராய்கிறவர்கள் கூடும் இடம். அங்கே ஒரு பெரிய இருவாச்சிப் பறவையை வெகுகாலம் வளர்த்தார்கள். அதன் உருவத்தையே பிற்காலத்தில் சங்கத்தின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் இன்றும் இருக்கிறதே, அதே இருவாச்சிதான்.

சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். மாமன் அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, பயந்தபடியேதான் பையன் உள்ளே போனான். மில்லார்டு விரட்டவில்லை. குருவியின் இனத்தைச் சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பஞ்சடைத்துப் பாதுகாத்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துக் கெடாமல் பாடம் செய்யவும் கற்றுக் கொடுத்தார். அந்த அலமாரிகளை விட்டு அதற்குப் பிறகு சலீம் அலி மனதளவில் வெளியே வரவே இல்லை.

போன வேலை

படிப்பில் அவர் புலி அல்ல. கல்லூரியில் கணக்குப் பாடம் அவரை வாட்டிவிட்டது. ஒரு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவுக்குப் போனார். அங்கே குடும்பத்தாருக்குச் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் இருந்தன. தொழில் வளரவில்லை. பர்மாக் காடுகளில் பறவை பார்த்ததுதான் மிச்சம். 1917-ல் பம்பாய் திரும்பினார். கணக்கு எழுதும் படிப்பும் வணிகச் சட்டமும் ஒரு கல்லூரியில். பிராணி சாஸ்திரம் இன்னொரு கல்லூரியில் என்று படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்துகொண்டார்.

சர்க்காரின் பிராணி ஆராய்ச்சி இலாகாவில் பறவை நிபுணர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு வேண்டிய பட்டம் அவரிடம் இல்லை. பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வந்து டாக்டர் பட்டம் கொடுத்தன என்பது வேறு விஷயம்.

1926-ல் ஒரு வழி பிறந்தது. பம்பாய் அரும்பொருள் காட்சிசாலையில் இயற்கை வரலாற்றுப் பகுதியைப் புதிதாகத் திறந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. மாதம் ரூ.350 சம்பளம். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் செழிப்பாக வாழப் போதும். ஆனால் தமக்குப் பயிற்சி போதவில்லை என்று அவருக்கே தோன்றியது. 1928-ல் லீவு போட்டுவிட்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பறவை மேதையிடம் கற்றார். பறவையின் காலில் எண் போட்ட வளையத்தை மாட்டிப் பறக்க விட்டு, அது எந்தத் தேசத்துக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கும் முறையையும் ஜெர்மனியில்தான் பழகினார்.

1930-ல் திரும்பி வந்தால் வேலை இல்லை. பணம் போதவில்லை என்று அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்கள். கையில் ஜெர்மனிப் பயிற்சி இருந்தது, சம்பளம் இல்லை. ஒரு தேசத்தில் பறவையை அறிந்த ஒருவருக்கு மாதம் ரூ.350 கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

கணவனும் மனைவியும் பம்பாயை விட்டுக் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே செலவு குறைவு. வீட்டுக்கு அருகில் மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி தினமும் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நம் ஊர்ப் பக்கம் அறியாதவர் இல்லை. கிணற்று மேட்டிலும் பனை ஓலையிலும் தொங்கும். ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதை அதுவரை சரியாகத் தெரியாது. கூட்டைக் கட்டுவது ஆண். பாதி கட்டியதும் பெட்டை வந்து சுற்றிப் பார்க்கிறது. பிடித்தால் உள்ளே குடியேறுகிறது. பிடிக்காவிட்டால் பறந்துவிடுகிறது. வீடு பார்க்க வரும் சம்பந்தி அம்மாள் கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டாள். ஒரு பெட்டை குடியேறியதும் ஆண் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்குகிறது, இன்னொரு பெட்டைக்காக. வேலை போன மனிதர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இது. பறவை உலகத்தில் அவர் பெயர் பரவியது இந்த ஆராய்ச்சியால்தான்.

மலைக்கு அந்தப் பக்கம்

புகழ் வந்தது. வயிற்றுக்கு வழி வரவில்லை. அப்போது சலீம் அலி ஒரு யோசனை செய்தார். இந்தியாவில் அன்று பல சமஸ்தானங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் ஒழுங்காகக் கணக்கெடுத்தது இல்லை. அதை அவர் செய்து தருவதாகச் சொன்னார். சம்பளம் வேண்டாம், கூடாரச் செலவு, வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு இவை கிடைத்தால் போதும். சங்கம் இதைச் சமஸ்தானங்களுக்கு எடுத்துச் சொல்லிற்று. ஐதராபாத் சமஸ்தானம் ஒப்புக்கொண்டது. அடுத்துத் திருவாங்கூரும் கொச்சியும் ஒப்புக்கொண்டன. பிறகு குவாலியர், இந்தூர், போபால்.

1933-ல் அவர் திருவாங்கூர் மலைகளில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார். மறையூர், குமுளி, தட்டேக்காடு என்று இடம் மாறி மாறிப் போனார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே தெரிகிற மலையின் முகடுதான் அன்று ஆங்கில சர்க்காரின் சென்னை மாகாணத்துக்கும் திருவாங்கூருக்கும் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மகாராஜாவின் பணத்தில் பறவைக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பறவைக்கு எல்லை ஏது? காலையில் இந்தப் பக்கம் பழம் தின்கிற இருவாச்சி மாலையில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.

தெஹ்மினா இந்தப் பயணங்களில் கூடவே இருந்தார். வசதியான வீட்டில் வளர்ந்தவர். அட்டைக்கடியும் மழையும் நிறைந்த காட்டில் கணவரின் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டார். 1939-ல் அவருக்கு ஒரு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து அவர் இறந்துபோனார். சலீம் அலிக்கு அப்போது வயது 42. குழந்தை இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பம்பாயில் சகோதரி கம்மு வீட்டில் போய் இருந்துகொண்டார். அதற்குப் பிறகு காடும் புத்தகமும்தான்.

சிறைக்குப் போன புத்தகம்

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகம் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, சாமானியரும் பறவையை அடையாளம் காணும்படி எழுதிய புத்தகம். அதன் ஒரு பிரதி சிறைக்குள்ளும் போயிற்று. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் நேரு டேராடூன் சிறையில் இருந்தார். மகள் இந்திரா நைனி சிறையில் இருந்தார். தந்தை அந்தப் புத்தகத்தை மகளுக்குக் கொடுத்தார். சிறைச் சுவருக்கு மேலே பறக்கிற பறவைகளின் பெயரை மகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியமாயிற்று என்பது பின்னால் வரும்.

1947-ல் சுதந்திரம் வந்தது. தேசத்துக்கு நல்ல காலம். ஆனால் பம்பாய்ச் சங்கத்துக்குச் சோதனைக் காலம். சங்கத்தில் சந்தா கட்டியவர்களில் ஏராளமானோர் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைகளும். அவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். ஆதரித்த ராஜாக்களின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்துவிட்டன. சங்கத்தை யார் நடத்துவது? அலமாரிகளில் பல்லாயிரம் பறவைத் தோல்கள், விலங்குத் தோல்கள், பூச்சிகள். பூச்சி அரிக்காமல் அவற்றைக் காக்கவே மருந்துக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும்.

பொறுப்பு சலீம் அலியின் தலையில் விழுந்தது. அவர் பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதினார். பசியும் அகதிகள் பிரச்சினையுமாக நாடு தவித்த காலம். செத்த பறவைகளைக் காக்கப் பணம் கேட்பது எளிதா? ஆனால் கேட்டவர் தமக்கென்று ஒரு காசும் கேட்காதவர். கேட்கப்பட்டவர் சிறையில் பறவை பார்த்துப் பழகியவர். சர்க்கார் உதவி கிடைத்தது. சங்கம் பிழைத்தது.

இந்த இடத்தில் மேகமலைக்குத் திரும்ப வேண்டும். 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பினார். சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று நினைத்து அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். அது அங்கேயே கிடந்தது. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, 24 வருடம். சங்கம் அந்த நாளில் மூடியிருந்தால் அலமாரி எங்கே போயிருக்குமோ, வௌவால் எங்கே போயிருக்குமோ!

1972-ல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விஞ்ஞானி அந்த வௌவாலை ஆராய்ந்தார். சாதாரணப் பழந்தின்னிக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தெரிகிற வால் இல்லை. கீழ்த் தாடையில் வெட்டுப் பல் ஒரே ஜோடிதான். உலகத்தில் அதுவரை தெரிந்த எந்த வௌவாலோடும் இது சேரவில்லை. புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்று அவர் முடிவு செய்தார். அலமாரியைக் காப்பாற்றிய மனிதரின் பெயரையே அதற்கு வைத்தார்.

சதுப்பு நிலமும் அணைத் திட்டமும்

சலீம் அலி கேட்டுப் பெற்றது சங்கத்துக்கு மட்டும் அல்ல. ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய சதுப்பு நிலம். குளிர்காலத்தில் வடக்குத் தேசங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். மகாராஜா காலத்தில் அங்கே வேட்டை ஒரு திருவிழா. 1938 நவம்பரில் ஒரே நாளில் வைசிராய் லின்லித்கோவும் கூட வந்தவர்களும் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். சுதந்திரம் வந்ததும் ஊர் ஜனங்கள் அந்த நிலத்தை வடித்து உழவு செய்யக் கேட்டார்கள். நிலமில்லாதவன் நிலம் கேட்பது தவறும் அல்ல. சலீம் அலி நேருவிடம் போய்ப் பறவைகளுக்காக வாதாடினார். சதுப்பு நிலம் தப்பியது.

நம் பக்கத்துக் கோடியக்கரையையும் அவர் விடவில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே அந்த உப்பங்கழியில் கடல் கடந்து வரும் பறவைகளை அவரும் அவர் சங்கத்தாரும் ஆராய்ந்தார்கள். 1967-ல் கோடியக்கரை சரணாலயமாயிற்று. ஜெர்மனியில் பழகிய வளைய வித்தை இந்தியக் கரைகளில் பயன்பட்டது. இங்கே காலில் வளையம் மாட்டிய பறவை ரஷ்யாவில் போய்ப் பிடிபட்டது.

அந்த ஆராய்ச்சிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் பணம் கொடுத்தது. அமெரிக்கப் பணமும் வந்தது. பறவைகள் நோயைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய வேண்டும் என்பது காரணம். 1970-களில் இதில் சந்தேகம் கிளம்பியது. அந்நியப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி அந்நிய ராணுவத்துக்குப் பயன்படுமோ என்று பாராளுமன்றக் குழு வரை விசாரணை போயிற்று. பறவை பார்த்த கிழவருக்கு இது பெரிய மனவேதனை. உள்நாட்டில் பணம் போதாதபோது வெளியே கை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டியதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1976-ல் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஒரு பெரிய பரிசு வந்தது. 50,000 டாலர். அன்றைய கணக்கில் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். சொந்த வீடு என்று ஒன்று கட்டிக்கொள்ளாத மனிதர் அவர். அந்தப் பணத்தைச் சங்கத்திடமே கொடுத்து, இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒரு நிதி தொடங்கிவிட்டார். அதே வருடம் பாரத சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கொடுத்தது. மோட்டார் சைக்கிள்தான் அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம் என்று சொல்லலாம். 1950-ல் சுவீடனில் நடந்த பறவை ஆராய்ச்சி மாநாட்டுக்குத் தமது மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதிலேயே சுற்றினார். அப்போது வயது 53.

சிறையில் அவர் புத்தகத்தைப் படித்த மகள் இதற்குள் பிரதமர் ஆகிவிட்டார். 1972-ல் இந்திரா காந்தி காலத்தில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருடக் கணக்கில் நாட்டில் 1,827 புலிகளே இருந்தன. 1973 ஏப்ரல் 1-ந் தேதி ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கியது. மத்திய சர்க்கார் அதற்கென்று தனியே பணம் ஒதுக்கியது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து மின்சார அணை கட்ட ஏற்பாடு நடந்தபோது, சலீம் அலி நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று முறையிட்டார். முறையிட்டவர்கள் இன்னும் பலர். இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். அணை நின்றது. 1984-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே நடந்துவிடவில்லை. தேசியப் பறவையாகக் கானமயிலை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது அழியும் நிலையில் இருந்தது. தேசியப் பறவை என்றால் சர்க்காரின் கண் அதன்மேல் விழும் என்று எண்ணினார். 1963-ல் மயிலே தேசியப் பறவை ஆயிற்று. கானமயில் இன்று நூற்றைம்பதுக்கும் குறைவாகவே இருப்பதாகக் கணக்கு. அதைக் காக்க 2016-ல் மத்திய சர்க்கார் ரூ.33 கோடிக்கு மேல் ஒதுக்கித் திட்டம் போட வேண்டியதாயிற்று.

எருமை செய்த வேலை

சலீம் அலி தவறியதும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரத்பூர் 1982-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. மாடு மேய்ந்தால் பறவைகளுக்குக் கெடுதல் என்று சலீம் அலியும் அவருடைய சங்கத்தாரும் நம்பினார்கள். மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த இடம். அவர்களுக்கு மாற்று ஏற்பாடு இல்லை. கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தார்கள்.

நடந்தது அதோடு முடியவில்லை. எருமைகள் போனதும் சதுப்பு நிலத்தில் ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் மண்டியது. நீர் தெரியாதபடி மூடிவிட்டது. வாத்துக்கு நீந்த இடம் குறைந்தது. மீனுக்கும் இடம் குறைந்தது. அவருடைய சங்கமே வருடக்கணக்காக ஆராய்ச்சி நடத்தியது. எருமைகள்தான் புல்லை மேய்ந்து நீரைத் திறந்து வைத்திருந்தன என்று தெரிய வந்தது. மேய்ச்சல் தடை பறவைகளுக்கும் கெடுதலாக முடிந்தது என்று சங்கம் மறைக்காமல் எழுதியது. 1991-ல் இறுதி அறிக்கை வந்தபோது சலீம் அலி உயிருடன் இல்லை.

1985-ல் அவர் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார். அதே வருடம் தம் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். சிறு வயதில் சுட்ட குருவியின் பெயரையே அந்தப் புத்தகத்தின் தலைப்பில் வைத்தார். 1987-ல் தமது 90-ம் வயதில் காலமானார். 1990-ல் மத்திய சர்க்கார் உதவியோடு அவர் பெயரில் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அது அமைந்தது பம்பாயில் அல்ல, நம் கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில்.

மலை அடிவாரத்தில்

அவர் இறந்த மறு வருடம், 1988-ல், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. சுமார் 485 சதுர கிலோமீட்டர். இந்த அணில் முற்றத்தில் ஓடுகிற மூன்று கோட்டு அணில் அல்ல. பூனை அளவுக்கு உடல். அதே நீளத்துக்கு வால். தரையில் இறங்க அஞ்சும். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே தாவும். கிளைகள் தொடாமல் விட்டுப்போனால் அதற்கு வழி அடைந்துபோயிற்று என்று பொருள். இந்தியாவில் இது தெற்கே சில இடங்களில்தான் உண்டு. அடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் வரும். தோப்புக்காரருக்கு அதனால் நஷ்டமும் உண்டு.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51-வது. புலிகள் காப்பகம் என்றால் பெயர்ப்பலகை மாறுவது மட்டும் அல்ல. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பங்கிட்டுப் பணம் தரும் திட்டத்துக்குள் அந்தக் காடு வந்துவிடுகிறது. வேட்டைத் தடுப்புக் காவலருக்குக் கூலி, காட்டுக்குள் முகாம், கோடையில் தீத்தடுப்புக் கோடு, விலங்குக்குத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தப் பணத்தில்தான். பணம் புலியின் பெயரில் வருகிறது. அதே காட்டில் இருக்கும் அணிலும் வௌவாலும் மரஞ்செடிகளும் அந்தக் காவலில் சேர்ந்தே இருக்கின்றன. மலைமுகட்டுப் புல்வெளியில் திரிகிற வரையாட்டுக்கென்று தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் தனியாக ரூ.25 கோடியே 14 லட்சம் ஒதுக்கி, 2023-ல் வேலையைத் தொடங்கியது.

மேய்ச்சல் வழக்கு இங்கும் வந்துவிட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் மாடு மேய்க்கத் தடை போட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று ஆக்கியது. இந்த மலையடிவாரமோ காப்பகத்துக்குள் வருகிறது. மலைமாடு வைத்திருப்பவர்கள் மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். பரத்பூரில் எருமைகளைப் பற்றி நடந்ததுபோல வருடக்கணக்கான ஆராய்ச்சி இந்த மலைமாடுகளைப் பற்றியும் நடக்க வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்கினால் நல்லது.

மேகமலை வௌவாலின் கதையில் ஒரு பாகம் பாக்கி இருக்கிறது. 1972-ல் அதற்குப் பெயர் வைத்தபோது உலகத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது அலமாரியிலிருந்த அந்த ஒன்றுதான். உயிருள்ள வௌவால் மிச்சம் இருக்கிறதா, அந்த இனமே அழிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. 1993-ல் ஆராய்ச்சியாளர்கள் மேகமலைக்கு வந்து தேடினார்கள். ஹட்டன் பிடித்து 45 வருடம் ஆகியிருந்தது. வௌவால் அகப்பட்டது. இந்தியாவில் வௌவால்களுக்குச் சட்டத்தில் பெரிய காப்பு எதுவும் இல்லாதிருந்த காலத்தில், இதைப் புலியோடு யானையோடு சேர்த்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றினார்கள். இப்போது அதைப் பிடிப்பதும் கொல்வதும் புலியைக் கொல்வதற்குச் சமமான குற்றம்.